மெய்க்கு அரை மாத்திரை

பாளையங்கோட்டையில், வ.உ.சி. மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சிறிய கிளினிக். இரவு எட்டு மணி. கடைசி நோயாளி உள்ளே வருகிறார். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மருத்துவர் அவரிடமே தமிழ் படித்து, புணர்ச்சி விதிகளில் மதிப்பெண்களைப் பறிகொடுத்து, பிற்பாடு ஹைகிரவுண்டில் உள்ள மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். இருவரும் வீட்டில் 'ஏலே' போட்டுப் பேசும் நெல்லைச் சீமைக்காரர்கள்தாம். ஆனால் ஐயாவின் முன்னால் வாயைத் திறந்தால் எழுவாயும் பயனிலையும் பொருந்தி வர வேண்டும் என்ற பழைய அச்சம் மருத்துவரை இன்னும் விடவில்லை. ஆகையால் பேச்சு முழுவதும் ஏட்டுத் தமிழிலேயே நடந்தது. (அந்த அச்சத்துக்கு இதுவரை மருந்து வரவில்லை.)

மருத்துவர்: வாருங்கள் ஐயா, அமருங்கள். பரிசோதனை முடிவு காலையிலேயே வந்துவிட்டது. அதற்கு முன், துண்டுக்குள் எதையோ மறைத்து வைத்திருக்கிறீர்களே, அது என்ன?

ஐயா: மறைக்கவில்லை, தம்பி, மறைக்கக் கூடிய மணமா அது? அரைக் கிலோ அல்வா. மாணவனைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று, டவுனில் வரிசையில் நின்று உனக்காக வாங்கி வந்தேன்.

மருத்துவர்: எனக்காக வாங்கிய பொட்டலத்தின் நூல் அவிழ்ந்திருக்கிறது, இலையின் ஓரத்தில் நான்கு விரல் தடங்களும் தெரிகின்றன.

ஐயா: சிறிது அல்வா உண்ணப்பட்டது.

மருத்துவர்: யாரால்?

ஐயா: செயப்பாட்டு வினைத் தொடரில் செய்தவனைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'அல்வா' எழுவாய், 'உண்ணப்பட்டது' பயனிலை, தொடர் முற்றுப்பெற்றுவிட்டது. இதை உனக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே நடத்தினேன்.

மருத்துவர்: நடத்தினீர்கள். 'கண்ணாடி உடைக்கப்பட்டது' என்று நான் சொன்னபோது, 'ஆல்' என்னும் மூன்றாம் வேற்றுமை உருபு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டு, என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றியதும் நீங்கள்தாம். இப்போது நான் கேட்கிறேன், அந்த 'ஆல்' யார்?

ஐயா: பேருந்து ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது பொட்டலம் முழுமையாகத்தான் இருந்தது. சுலோசன முதலியார் தம் பொருளைச் செலவிட்டு 1843இல் கட்டிய பாலம் அல்லவா? குலுக்கத்தான் செய்யும். குலுக்கலில் நூல் அவிழ்ந்தது. வண்ணாரப்பேட்டை வருவதற்குள் மற்றவையும் நிகழ்ந்துவிட்டன.

மருத்துவர்: பாலத்தின் மேல் பழி போடாதீர்கள், ஐயா. இனிப்பைத் தொடவே கூடாது என்று ஆறு ஆண்டுகளாக உங்களிடம் சொல்லி வருகிறேன்.

ஐயா: நீ சொன்னது வேறு. இரவில் சோற்றை விட்டுவிட்டுக் கோதுமை சாப்பிடுங்கள் என்றாய். அல்வாவும் கோதுமைதான்! சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பாலெடுத்து, தாமிரபரணித் தண்ணீரில் கிண்டியது. சப்பாத்தியும் அல்வாவும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒருவனை வீட்டுக்குள் விட்டு மற்றவனைத் தெருவில் நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மருத்துவர்: நான் சொன்னது இரண்டு சப்பாத்தி, அதுவும் காய்கறிக் கூட்டோடு. கோதுமை மாவும் வயிற்றுக்குள் போனால் சர்க்கரையாகத்தான் மாறும். ஆகவேதான் எண்ணிக்கை சொன்னேன். உங்கள் அல்வாவிலோ கோதுமையைவிடச் சர்க்கரை அதிகம், அந்தச் சர்க்கரை வெளியே தெரியாமல் இருக்க மேலே நெய். சரி, இடக்கையை மேசை மேல் வையுங்கள். முதுகைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

ஐயா: ஐந்து நிமிடமா? முப்பத்தைந்து ஆண்டுப் பணியில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததாக என் மனைவிகூடச் சொல்ல மாட்டாள். ஒருமுறை பள்ளி ஆய்வாளர் வந்திருந்தபோது...

மருத்துவர்: 148க்கு 88. இனி வாயை மூடுங்கள், மறுபடி பார்க்கிறேன்.

(ஐந்து நிமிட அமைதி. தெருவில் போன ஷேர் ஆட்டோவின் பாட்டு முழுவதும் கேட்டது.)

மருத்துவர்: 138க்கு 84. பார்த்தீர்களா? பத்துப் புள்ளி உங்கள் நாவிலிருந்து வந்தது. கையைக் கட்டி அளக்கும்போது பேசினாலும், கால் மேல் கால் போட்டாலும், சற்று முன் காப்பி குடித்திருந்தாலும் அளவு கூடிவிடும். மாத்திரையைக் கூட்ட வேண்டியதில்லை; கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைக் குறைத்தால் போதும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்தான் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி. அதில் பாதியை உங்கள் வீட்டு அப்பளமே எடுத்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

ஐயா: சரி, அப்பளத்தை விடு, சர்க்கரையைச் சொல்.

மருத்துவர்: வெறும் வயிற்றில் 118.

ஐயா: தேறிவிட்டேன்! 126க்கு மேல் போனால்தான் நீரிழிவு என்று நீயே சொல்லியிருக்கிறாய். எட்டு மதிப்பெண் மிச்சம்.

மருத்துவர்: 126 என்பது ஒருவருக்கு நோய் வந்திருக்கிறதா என்று கண்டறிவதற்கான கோடு. உங்களுக்கு வந்து ஆறு ஆண்டு ஆயிற்று. ஆனாலும் 118 மிக நல்ல எண்தான். அவ்வளவு நல்ல எண்ணாக இருப்பதால்தான் எனக்குச் சந்தேகம். பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் என்ன சாப்பிட்டீர்கள்?

ஐயா: மூன்று நாள் கேழ்வரகுக் கஞ்சி, அதுவும் அரை வயிறு. தொட்டுக்கொள்ளச் சுண்டைக்காய் வற்றல். கண்ணில் நீர் வந்தது, தம்பி.

மருத்துவர்: அதற்கு முந்தைய மூன்று மாதம்?

ஐயா: கேள்வி பாடத்திட்டத்துக்கு வெளியே போகிறது.

மருத்துவர்: தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் படிக்கும் பையன்களைப் பிடிக்க நீங்கள் திடீர்த் தேர்வு வைப்பீர்களே, நினைவிருக்கிறதா? எங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. எச்பிஏ1சி என்று பெயர். ரத்தத்திலுள்ள சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அந்த அணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். மூன்று நாள் கஞ்சி குடித்தால் அது உதிர்ந்துவிடாது. வெறும் வயிற்றுப் பரிசோதனை நிகழ்காலத்தை மட்டும் சொல்லும். இதுவோ இறந்தகாலத்தை...

ஐயா: 'இறந்த' என்ற சொல்லை மருத்துவ மனையில் மெல்லச் சொல்.

மருத்துவர்: கடந்தகாலத்தைச் சொல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பணு என்பது காலம் காட்டும் இடைநிலை. உங்களுக்கு அது காட்டும் எண் 8.4. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் உங்கள் ரத்தச் சர்க்கரை, சராசரியாக 190க்கு மேல் இருந்திருக்கிறது என்று அதற்குப் பொருள்.

ஐயா: எவ்வளவு இருக்க வேண்டும்?

மருத்துவர்: ஏழுக்குள் இருந்தால் மகிழ்வேன். உங்கள் வயதைக் கருதி ஏழரை வரை பொறுத்துக்கொள்வேன்.

ஐயா: ஏழரை வேண்டாம்! சனியை நீயாகக் கூப்பிடாதே, ஏழே இருக்கட்டும்.

மருத்துவர்: நீங்களே கேட்டுக்கொண்டீர்கள், எழுதிக்கொள்கிறேன். அல்வாவைத் தவிர வேறு என்ன இனிப்பு?

ஐயா: சீனியைத் தொடுவதே இல்லை. காப்பிக்குக் கருப்பட்டிதான், உடன்குடியிலிருந்து வருவது. நாளைக்கு நான்கு முறை.

மருத்துவர்: ஐயா, கருப்பட்டியும் சர்க்கரைதான்.

ஐயா: அபாண்டம்! பனை நம் மாநில மரம். ஒரு மாநில மரம் அந்த மாநிலத்துத் தமிழாசிரியனுக்கே கேடு செய்யுமா?

மருத்துவர்: மரத்தின் மேல் எனக்கும் மரியாதை உண்டு. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கிய பிறகு, அதிலுள்ள இனிப்பில் பெரும்பகுதி சுக்ரோஸ். கரும்பைக் காய்ச்சினால் வருவதும் அதே சுக்ரோஸ். கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் கூடுதல், அவ்வளவுதான். கருப்பாக இருப்பதால் கணையம் அதைக் கணக்கில் எடுக்காது என்று யார் சொன்னார்கள்?

ஐயா: மைதானத்தில் என்னோடு நடப்பவர்கள்.

மருத்துவர்: நடக்கிறீர்களா? எவ்வளவு?

ஐயா: தினமும் ஒரு மணி நேரம்.

மருத்துவர்: நானும் காலையில் அந்த வழியாகத்தான் வருகிறேன். நீங்கள் நால்வரும் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைத்தான் பார்க்கிறேன்.

ஐயா: ஐந்து நிமிடம் கால் நடக்கும், எஞ்சிய நேரம் பேச்சு நடக்கும். நடப்பது நடப்பதுதானே?

மருத்துவர்: வாரத்துக்கு 150 நிமிடம், கால் நடக்க வேண்டும். இனி மாத்திரைக்கு வருவோம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று எழுதியிருந்தேன். ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா?

ஐயா: விட்டு விட்டுச் சாப்பிட்டேன்.

மருத்துவர்: அடுக்குத்தொடர் அழகாக இருக்கிறது, ஆனால் மாத்திரைக்கு அது ஆகாது. ஏன் விட்டீர்கள்?

ஐயா: சொல்கிறேன், கேள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. உடம்புக்கு என்ன பெயர்? மெய். ஆகவே, நீ தந்ததைப் பாக்குவெட்டியால் இரண்டாக வெட்டி, அரை அரையாகச் சாப்பிட்டேன். சர்க்கரை குறைந்திருப்பதாகத் தோன்றிய நாட்களில் அந்த அரையும் எதற்கு என்று விட்டுவிட்டேன். மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்றும் மைதானத்தில் சொன்னார்கள்.

(மருத்துவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். முப்பது ஆண்டுக்கு முன் அவர் எழுதிய தேர்வுத்தாளைத் திருத்தும்போது ஐயாவும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்.)

மருத்துவர்: முதலாவதாக, நான் தந்தது மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரை. அதை வெட்டினால், நாள் முழுவதும் சிறிது சிறிதாக இறங்க வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். எந்த மாத்திரையையும் கேட்காமல் வெட்டாதீர்கள். இரண்டாவதாக, சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுக்குள் வராத சர்க்கரையும் ரத்த அழுத்தமும். மாத்திரை அதைத் தடுப்பதற்காகத் தரப்படுவது. சிறுநீரகம் முன்பே பழுதானவர்களுக்கு அளவைக் குறைப்போம், அல்லது மாற்றுவோம். அதற்காகத்தான் உங்களுக்கு ஆண்டுதோறும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்கிறேன், அது நன்றாக இருக்கிறது. மூன்றாவதாக, சர்க்கரை குறைந்தது என்று மாத்திரையை விட்டது. 2023 டிசம்பரில் ஆற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர் நீங்கள். இந்த ஆண்டு வெள்ளம் வரவில்லை, ஆகவே கரை எதற்கு என்று ஒருவர் கரையை வெட்டினால் அவரை என்ன சொல்வீர்கள்?

ஐயா: மைதானத்தில் என்னோடு நடப்பவர் என்பேன்.

மருத்துவர்: இப்படியே போனால், மெய்க்கு அரை என்பது போய், உயிரளபெடை போல மூன்று மாத்திரை ஆகிவிடும், அதிலும் முதற்பகுதி உயிர் என்பதை மறக்க வேண்டாம்.

ஐயா: அளபெடையை நினைவில் வைத்திருக்கிறாயே! இது தெரிந்திருந்தால் அன்றைக்கு இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட்டிருப்பேன். சரி, இவ்வளவு குறை சொன்னாயே, ஒரு நல்ல செய்தியும் கேள். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் தேர் வடத்தைப் பிடித்து, ரத வீதிகளில் வெறுங்காலோடு நடந்தேன். தார்ச்சாலை கொதித்தது என்று எல்லாரும் துள்ளினார்கள். எனக்குச் சுடவே இல்லை. உள்ளங்காலில் ஒரு கொப்புளம் வந்து உடைந்து, இரண்டு வாரமாக ஈரமாக இருக்கிறது, அதுவும் வலிக்கவில்லை. எழுபது வயதில் என்ன உறுதி பார்த்தாயா?

(மருத்துவர் எழுந்துவிட்டார்.)

மருத்துவர்: செருப்பைக் கழற்றுங்கள். கட்டிலில் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இது ஒரு நைலான் இழை. 10 கிராம் அழுத்தம் கொடுத்ததும் வளைந்துவிடும். பாதத்தில் பத்து இடங்களில் தொடுவேன். தொட்டதும் 'ஆம்' என்று சொன்னால் போதும்.

ஐயா: ஆம்.

மருத்துவர்: இன்னும் தொடவில்லை.

ஐயா: எதிர்காலத்தில் சொன்னேன்.

மருத்துவர்: நிகழ்காலத்தில் சொல்லுங்கள்.

ஐயா: ஆம்... ஆம்... ஆம். என்ன, நிறுத்திவிட்டாய்? தொடு, சும்மா இருக்கிறாயே?

மருத்துவர்: நிறுத்தவில்லை, ஐயா.

(சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. இம்முறை யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.)

ஐயா: எத்தனைக்கு எத்தனை?

மருத்துவர்: பத்துக்கு ஆறு.

ஐயா: அறுபது விழுக்காடு, முதல் வகுப்புத்தான்.

மருத்துவர்: மீதி நான்கு இடங்களில் முள் குத்தினாலும் உங்களுக்குத் தெரியாது. வலிக்கவில்லை என்பதுதான் இங்கே கெட்ட செய்தி. வலி என்பது உங்களைக் கூப்பிட்டு, காலைப் பார் என்று சொல்லும் வேலைக்காரன். சர்க்கரை அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டது. இனி அவன் வேலையைக் கண்ணால் செய்ய வேண்டும். தினமும் இரவில், தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். வெந்நீரில் காலை வைப்பதற்கு முன் ஆச்சியை அழைத்துக் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கோயிலுக்கு வெயில் ஏறும் முன்போ, இறங்கிய பின்போ போங்கள். பிரகாரக் கல்லின் சூடு உங்களுக்குத் தெரியாது, ஆனால் தோலுக்குத் தெரியும். இந்தப் புண்ணுக்கு இப்போதே கட்டுப் போடுகிறேன். ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்து காட்ட வேண்டும். அதன் மேல் மஞ்சளோ, வேறு எதுவோ...

ஐயா: வைக்கப்படாது.

மருத்துவர்: யாரால்?

ஐயா: என்னால். நான் வைக்க மாட்டேன். அந்த அல்வாவையும் நான்தான் உண்டேன், தம்பி. பேருந்தில் பாதி, உன் வாசலில் காத்திருந்தபோது கொஞ்சம்.

மருத்துவர்: மிச்சத்தை இங்கேயே விட்டுப் போங்கள்.

ஐயா: வைத்துக்கொள். ஆமாம், நானும் வந்ததிலிருந்து பார்க்கிறேன், நீ எழுந்தபோது உன் வயிறுதான் முதலில் மேசையைத் தாண்டி வந்தது. உனக்கும் ஐம்பதை நெருங்கியிருக்குமே? கடைசியாக எப்போது உன் சர்க்கரையைப் பார்த்தாய்?

மருத்துவர்: அது... விரைவில் பரிசோதிக்கப்படும், ஐயா.

ஐயா: யாரால்?