பிரிவிலேஜ்ட் தேவையில்லை, பாருங்கள் எது முதலில் மவுண்ட் ஆகிறது என்று

டொக்கர் என்பது செயலிகளைக் கண்டெயினர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள். 'கண்டெயினருக்குள் நாஸ் (நெட்வேர்க்கில் உள்ள சேமிப்புப் பெட்டி) கோப்புறை வெறுமையாக இருந்தால் பிரிவிலேஜ்ட் (கண்டெயினருக்கு முழு உரிமை) போட்டே ஆகவேண்டும்' என்று மேலே தம்பி எழுதியது பிழை. கண்டெயினருக்குள் இருந்தே மவுண்ட் பண்ணினால்தான் (நாஸை ஒரு கோப்புறையில் இணைத்தால்தான்) அப்படியான உரிமை வேண்டும். ஹோஸ்ட்டில் (கண்டெயினர் ஓடும் கணினியில்) மவுண்ட் ஆன கோப்புறையைப் பைண்ட் பண்ணுவதற்கு, அதாவது கண்டெயினருக்குள் காட்டுவதற்கு, அது எதற்கு? வெறும் ஃபைல் பார்ப்பதற்காக ஹோஸ்ட்டின் எல்லா டிவைஸையும் திறந்துவிடுவது வீண் ஆபத்து.

உண்மையான காரணம், எது முதல் எது பிறகு என்ற ஒழுங்கு. உப்புவெளியில் ஒரு ஸ்டூடியோவில் பார்த்தேன்: கரண்ட் போய் வந்ததும் மினி பிசி சட்டென்று எழும்பிவிடும், நாஸ் ஆறுதலாகத்தான் வரும். அதற்குள் டொக்கர் வெறும் கோப்புறையைப் பிடித்துக்கொள்ளும். பைண்ட்டின் இயல்புநிலை ஆர்பிரைவேட் (rprivate, பின்னால் வரும் மவுண்ட் உள்ளே போகாது) என்பதால், பிறகு ஹோஸ்ட்டில் நாஸ் மவுண்ட் ஆனாலும் கண்டெயினருக்கு அது தெரியாது. மோசம் என்னவென்றால், கல்யாணப் படங்கள் எல்லாம் ஹோஸ்ட்டின் சொந்த டிஸ்க்கில் போய் விழும். அதே கோப்புறையின் மேலே நாஸ் மவுண்ட் ஆனதும் அவை மறைந்துவிடும். ஆட்கள் அழிந்துவிட்டது என்று பதறுவார்கள். அன்மவுண்ட் பண்ணிப் பார்த்தால் அங்கேயே கிடக்கும்.

உடனடி வழி, நாஸ் மவுண்ட் ஆனபின் கண்டெயினரை ரீஸ்டார்ட் பண்ணுவது. நிரந்தரமாக என்றால், நாஸ் கோப்புறைக்கு ஒருபடி மேலுள்ள கோப்புறையை ஆர்ஸ்லேவ் (rslave) என்று போட்டுப் பைண்ட் பண்ணுங்கள், பின்னால் வரும் மவுண்ட்டும் உள்ளே தெரியும். எனக்கு அதைவிடப் பிடித்தது, டொக்கர் வால்யூமையே (டொக்கர் தானே பார்த்துக்கொள்ளும் சேமிப்பிடம்) சிஃப்ஸ் அல்லது என்எஃப்எஸ் (நெட்வேர்க் வழியாக ஃபைல் பகிரும் முறைகள்) வகையாக உருவாக்குவது. தொடங்கும்போது நாஸ் இல்லாவிட்டால் கண்டெயினர் எரர் சொல்லி நின்றுவிடும், கண்ட இடத்தில் எழுதாது.

'பெர்மிஷன் டினைட்' வந்தால் அது வேறு கதை, யூஐடியை (பயனர் எண்ணை) பாருங்கள்.