தார்ன்டனின் கை

மூன்றாவது முறையாக 'நார்த் அண்ட் சவுத்' தொடரைப் பார்த்து முடித்தேன். 2004-ல் பிபிசி நான்கு பகுதிகளாக எடுத்தது. போன முறைக்கும் இந்த முறைக்கும் நடுவில் எலிசபெத் காஸ்கெலின் நாவலைப் படித்துவிட்டேன். அதனால் இப்போது வேறு கண்ணோடு உட்கார்ந்தேன். முன்பு ரசித்த ஒரு காட்சியில் கோபம் வந்தது. முன்பு கவனிக்காமலே கடந்துபோன ஒரு காட்சியில் தொண்டை அடைத்தது. இரண்டையும் எழுதிவிட வேண்டும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. இங்கிலாந்தின் தெற்கே ஹெல்ஸ்டன் என்ற சின்ன கிராமம். அங்கே பாதிரியாராக இருக்கும் ஹேல், மனசாட்சி உறுத்தியதால் திருச்சபையை விட்டு விலகுகிறார். குடும்பத்தோடு வடக்கே மில்டன் என்ற மில் நகரத்துக்குக் குடிபெயர்கிறார். மில்டன் கற்பனைப் பெயர். காஸ்கெல் வாழ்ந்த மான்செஸ்டர்தான் அது. ஹேலின் மகள் மார்கரெட்டுக்கு 19 வயது. ஹேலிடம் பழைய கிரேக்க இலக்கியம் படிக்க வருகிறவர் ஜான் தார்ன்டன் என்ற மில் முதலாளி. இந்த இருவருடைய கதைதான் இது.

இருவருக்கும் நடுவில் நடப்பதைக் காதலர்களின் சண்டை என்று சொல்லிவிட முடியாது. நம்மிடம் ஊடல் என்ற அருமையான சொல் இருக்கிறது. ஊடல் உரிமை உள்ளவர்களுக்குள் வருவது. இவர்களுக்குள் எந்த உரிமையும் இல்லை. கூலி, வேலைநிறுத்தம், முதலாளியின் அதிகாரம் என்று நிஜமான விஷயங்களுக்காக நிஜமாகவே மோதிக்கொள்கிறார்கள். 1853-54-ல் பிரஸ்டன் நகரத்தில் மாதக்கணக்கில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் சூடு ஆறுவதற்குள் எழுதப்பட்ட நாவல் இது. தொழிலாளியின் பசி இந்தக் காதலுக்குப் பின்னணித் திரை அல்ல. அதை எடுத்துவிட்டால் இவர்கள் பேசிக்கொள்ளவே ஒன்றும் இருக்காது.

ஒரு பீரியட் டிராமாவைப் பார்த்ததும் நாம் முதலில் பேசுவது உடையைப் பற்றி. பாவாடை அந்தக் காலத்துப் பாவாடையா, தொப்பி சரியா, முடி அப்படித்தான் முடிந்தார்களா. இதில் எனக்குப் பெரிய அக்கறை கிடையாது. இந்தத் தொடரில் தறிகள் ஓடும் காட்சியைப் பர்ன்லியில் உள்ள குவீன் ஸ்ட்ரீட் மில்லில் எடுத்தார்கள். அந்த மில் கட்டப்பட்டதே 1894-ல். கதை நடப்பது 1850-களில். அதனால் எனக்கு ஒன்றும் குறையவில்லை. அந்த இரைச்சல் உண்மை. வரிசை வரிசையாகத் தறிகள் அடித்துக்கொள்ளும்போது பக்கத்தில் நிற்பவருடைய பேச்சுகூடக் கேட்காது என்பது ஒரே நொடியில் புரிந்துவிடுகிறது.

உடையைப் பற்றிப் பேசவேண்டுமானால் நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று கதைக்குத் தெரிகிறதா? இதில் தெரிகிறது. மார்கரெட் ஆலைக் கதவைத் தள்ளித் திறக்கிறாள். உள்ளே காற்று முழுக்க வெள்ளையாகப் பஞ்சு பறக்கிறது. பனி பெய்கிற மாதிரி அவ்வளவு அழகு. பிறகு உறவுப்பெண்ணுக்கு எழுதும் கடிதத்தில், நரகத்தைப் பார்த்துவிட்டேன், அது பனிபோல வெள்ளையாக இருக்கிறது என்கிறாள். இந்த வரி நாவலில் கிடையாது. திரைக்கதை எழுதிய சாண்டி வெல்ச் சேர்த்தது. காஸ்கெலே எழுதியிருக்க வேண்டிய வரி என்று எனக்குப் படுகிறது. அந்தப் பஞ்சுதான் ஆலைத் தொழிலாளி பெஸ்ஸி ஹிக்கின்ஸின் நுரையீரலில் போய் உட்கார்ந்து அவளைக் கொல்கிறது. பெஸ்ஸிக்கும் 19 வயது.

நாவலில் பெஸ்ஸி ஒரு விஷயம் சொல்வாள். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் அறையின் ஒரு கோடியில் பெரிய சக்கரம் ஒன்றை வைத்தால் அது காற்றை இழுத்துப் பஞ்சுத் தூசியை வெளியே தள்ளிவிடும். ஆனால் அதற்கு 500, 600 பவுண்டு ஆகும்; லாபம் ஒன்றும் கிடையாது. அதனால் பல முதலாளிகள் வைப்பதில்லை. இதுவரை சரி, நாம் எதிர்பார்ப்பதுதான். அடுத்து அவள் சொல்வதைக் கேளுங்கள். சக்கரம் உள்ள ஆலையில் வேலை பார்க்கச் சில தொழிலாளிகளுக்கே பிடிக்கவில்லையாம். பஞ்சை விழுங்கி விழுங்கிப் பழகியவர்களுக்கு அது இல்லாமல் பசிக்கிறதாம். அதற்காகக் கூலியை உயர்த்தித் தர வேண்டுமாம். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஒரு எழுத்தாளர் அந்த வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து கேட்டிருந்தால் ஒழிய இப்படி ஒரு வரி கிடைக்காது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன்.

தொடரில் மார்கரெட் தார்ன்டனை முதன்முதலில் பார்க்கும் இடம் அந்த வெள்ளை ஆலைக்குள்தான். மேலே உயரத்தில் நின்று தொழிலாளிகளைக் கண்காணித்துக்கொண்டிருக்கிறான். ஒருவன் புகைபிடிப்பது கண்ணில் படுகிறது. துரத்திப் பிடித்து, விழுந்தவனை விடாமல் அடிக்கிறான். மார்கரெட் நிறுத்தச் சொல்லிக் கத்துகிறாள். அதற்கான காரணத்தைத் தொடர் பிறகு சொல்கிறது: பஞ்சாலையில் ஒரு தீப்பொறி போதும், வேறு ஓர் ஆலையில் தீப்பிடித்து முந்நூறு பேர் பிணமாகக் கிடந்ததைப் பார்த்தவன் அவன். காரணம் நியாயமானதுதான். ரிச்சர்ட் ஆர்மிட்டேஜ் அந்த வெறியை நம்பும்படி நடித்திருக்கிறார் என்பதும் உண்மை.

ஆனால் நாவலில் அந்த அடி இல்லை. நாவலில் தார்ன்டன் முதன்முதலில் இந்தக் குடும்பத்துக்குச் செய்வது என்ன தெரியுமா? வாடகை வீட்டின் சுவர்க் காகிதத்தை மாற்ற வைக்கிறான். ஹேல் கேட்டபோது முடியாது என்ற வீட்டுக்காரன், தார்ன்டன் சுருக்கமாக இரண்டு வார்த்தை கண்டிப்பாகச் சொன்னதும் மாற்றிவிடுகிறான். யார் சொல்லி இது நடந்தது என்பது ஹேல் குடும்பத்துக்குத் தெரியாது. சொல்லிக் காட்டாமல் செய்துவிட்டு ஒதுங்கி நிற்பவன் அவன். கதை நெடுக அப்படித்தான் இருக்கிறான். அதன் முதல் அடையாளமாகக் காஸ்கெல் ஒரு சுவரைத் தேர்ந்தெடுத்தார். தொடர் அந்த இடத்தில் ஒரு முஷ்டியை வைத்தது.

ஒரு காட்சியைத்தானே மாற்றினார்கள் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. அந்த ஒரு காட்சியால் மார்கரெட்டின் பயணமே மாறிவிடுகிறது. நாவலில் அவளுக்கு அவனைப் பிடிக்காமல் போவதற்குக் காரணம் அவளுடைய தெற்கத்திய மிதப்பு. வியாபாரம் செய்கிறவர்கள் என்றாலே ஒரு படி கீழே என்ற எண்ணத்தோடு வளர்ந்த பெண் அவள். அந்த எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதுதான் கதை. தொடரில் அவள் கண்ணெதிரே ஒருவன் ரத்தம் வர அடிபடுகிறான். அப்படியென்றால் அவள் வெறுப்பது நியாயம். அவள் திருத்திக்கொள்ள எதுவும் இல்லை, மன்னித்தால் போதும். ஒரு பெண் தன் பார்வையைத் தானே மாற்றிக்கொண்ட கதை, முரட்டு ஆணை மன்னித்து ஏற்ற கதையாகிவிடுகிறது. இந்த இரண்டாவது கதையை நாம் எத்தனை படத்தில் பார்த்தாயிற்று! முதல் கதை அபூர்வம். அதைப் போய் விட்டுவிட்டார்களே என்பதுதான் என் ஆற்றாமை.

இன்னொன்றும் இருக்கிறது. தார்ன்டனின் தந்தை வியாபாரச் சூதில் எல்லாவற்றையும் இழந்து தற்கொலை செய்துகொண்டவர். பையன் படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக்கடையில் வேலைக்குச் சேர்கிறான். வாரம் 15 ஷில்லிங் கூலி. மூன்று பேர் சாப்பிட வேண்டும். அதிலும் வாரம் தவறாமல் 3 ஷில்லிங் எடுத்து வைக்கப் பழக்கினாள் அவன் தாய். தன் ஆசையைத் தானே அடக்கக் கற்றது அப்படித்தான் என்று அவனே ஹேல் வீட்டுத் தேநீர் மேசையில் சொல்கிறான். அந்த வயதில், அந்தப் பசியில், 15-ல் 3 எடுத்து வைத்தவனின் கோபம் எப்படி இருக்கும்? உள்ளே கொதித்துக் குரலில் குளிர்ந்து வரும். அந்தக் கை ஓங்காது என்பதுதான் அந்த மனிதன்.

கையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இந்தத் தொடரை நான் ஏன் இவ்வளவு நேசிக்கிறேன் என்பதற்கான விடையும் கையில்தான் இருக்கிறது. மில்டனில் முதலாளிகள் தொழிலாளிகளைக் 'கைகள்' என்றே குறிப்பிடுவார்கள். தலை இல்லை, வயிறு இல்லை, வெறும் கைகள். நாவல் முழுக்கக் காஸ்கெல் இந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டே போகிறார். தேநீர் ஊற்றும் மார்கரெட்டின் மணிக்கட்டில் வளையல் நழுவி நழுவி இறங்குவதைத் தார்ன்டன் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஹேல் மகளின் விரல்களைப் பிடித்துச் சர்க்கரை எடுக்கும் இடுக்கிபோல விளையாட்டாகப் பயன்படுத்துகிறார். அதைப் பார்க்கும் தார்ன்டனுக்குள் ஓர் ஏக்கம். நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் அந்தப் பத்தி சூடாகவே இருக்கிறது.

தொடர் இதை அழகாகப் புரிந்துகொண்டது. விடைபெறும்போது அவன் கை நீட்டுகிறான். வடக்கில் அது சாதாரணப் பழக்கம். தெற்கத்திய மார்கரெட்டுக்கு அப்படியில்லை, கொடுக்காமல் நின்றுவிடுகிறாள். அவன் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறான். பிறகு விருந்தில் அவளே கை கொடுத்துவிட்டு, பார்த்தீர்களா, மில்டன் பழக்கம் கற்றுக்கொள்கிறேன் என்கிறாள். நாவலில் அந்த முதல் தொடுதலை அவன் மட்டும்தான் உணர்கிறான். அவளுக்கு அது தெரியவே தெரியாது. தொடரில் அவளும் அறிந்தே கொடுக்கிறாள். இந்த மாற்றத்தை மனதார ஏற்கிறேன். டேனியலா டென்பி-ஆஷ் அந்த இடத்தில் சிரிக்கும் சிரிப்பில் கர்வமும் சமாதானமும் கலந்திருக்கிறது.

தொண்டை அடைத்தது என்று சொன்னது இந்தக் காட்சிக்கு இல்லை. அது போலீஸ் அதிகாரி வரும் காட்சி. மார்கரெட்டின் அண்ணன் பிரடெரிக் கடற்படைக் கலகத்தில் சிக்கியவன், பிடிபட்டால் தூக்கு. தாயின் மரணப் படுக்கைக்கு ரகசியமாக வந்து திரும்பும்போது ரயில் நிலையத்தில் கைகலப்பு ஏற்பட்டு ஒருவன் விழுகிறான், பிறகு இறந்துபோகிறான். விசாரிக்க வந்த அதிகாரியிடம், நான் அங்கே இல்லை என்று மார்கரெட் பொய் சொல்கிறாள். அவளை அங்கே ஓர் ஆணோடு பார்த்தவன் தார்ன்டன். அந்த ஊர் மாஜிஸ்திரேட்டும் அவனே. அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல், விசாரணை வேண்டாம் என்று நிறுத்திவிடுகிறான். திருமணம் கேட்ட அவனை ஏற்கெனவே மறுத்துவிட்டவள் அவள். அந்த ஆண் யார் என்றும் அவனுக்குத் தெரியாது.

தப்பித்தோம் என்ற நிம்மதி அவளுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் பொய் சொன்னவள் என்று உலகத்தில் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது, அது அவனாகவா இருக்க வேண்டும் என்று துடிக்கிறாள். அவனைத் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று அவள் அறிந்துகொள்வது இந்த வெட்கத்தின் வழியாகத்தான். முதல் இரண்டு முறை பார்த்தபோது இதைக் கதையின் ஒரு முடிச்சு என்று நினைத்து நகர்ந்துவிட்டேன். நாவலைப் படித்த பிறகுதான் இது எவ்வளவு ஆழமான இடம் என்று உறைத்தது. சுவர்க் காகிதம் மாற்றிய அதே மனிதன், அதே விதமாக, சொல்லாமல்.

பெஸ்ஸியின் தந்தை ஹிக்கின்ஸாக வரும் பிரெண்டன் கோயிலைச் சொல்லாமல் விட்டால் பாவம். கருங்காலிகளை வெறுக்கும் சங்கத்துக்காரன், இறந்துபோன சக தொழிலாளியின் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டி, அதே முதலாளியிடம் வேலை கேட்டுப் போகிறான். நாவலில் ஐந்து மணி நேரம் காத்திருந்து கேட்கிறான். அடித்து விரட்டாத குறையாக அனுப்பிவிட்ட தார்ன்டன், அவன் அவ்வளவு நேரம் நின்றதையும் காரணத்தையும் அறிந்து, தானே அவன் வீடு தேடிப் போகிறான். இதுவும் ஒரு காதல் கதைக்குள் இருக்கிறது என்பதால்தான் இது பெரிய கதை.

முடிவைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் பேசியாயிற்று. வடக்கே போகும் ரயிலும் தெற்கே போகும் ரயிலும் நடுவழி நிலையத்தில் நிற்கின்றன. அவன் ஹெல்ஸ்டனிலிருந்து ஒரு ரோஜாவோடு வருகிறான். நடைமேடையில் எல்லோரும் பார்க்க முத்தம். அந்தக் காலத்தில் கல்யாணம் ஆகாத பெண் இப்படிச் செய்திருக்க மாட்டாள் என்பார்கள். செய்திருக்க மாட்டாள்தான். காஸ்கெலுக்கே தன் முடிவில் திருப்தி இல்லை. டிக்கன்ஸ் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' வார இதழில் 1854 செப்டம்பர் முதல் 1855 ஜனவரி வரை தொடராக வந்த கதை. இட நெருக்கடியில் கடைசிப் பகுதியை அவசரமாக முடிக்க நேர்ந்ததைப் புத்தக முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார். ஆகவே முடிவை மாற்ற சாண்டி வெல்ச்சுக்கு உரிமை உண்டு என்பேன். அவர் காக்க வேண்டியதைக் காத்தும் இருக்கிறார். நாவலில் மார்கரெட் காதலைச் சொல்வது வட்டிக் கணக்கில். என்னிடம் 18,057 பவுண்டு வங்கியில் சும்மா கிடக்கிறது, இரண்டரை சதவீதம்தான் தருகிறார்கள், நீங்கள் எடுத்து ஆலையை நடத்தினால் எனக்கு அதைவிட நல்ல வட்டி கொடுக்கலாம் என்கிறாள். நொடித்துப்போன அவனுடைய மானத்துக்குப் பங்கம் வராமல் பணத்தைக் கொடுக்க அவளுக்குத் தெரிந்த ஒரே மொழி அது. அவனுடைய மொழி! தொடரிலும் அவள் ரயில் நிலையத்தில் குரல் தடுமாற அந்த வியாபாரத்தைப் பேசுகிறாள். பேசி முடித்து அவன் கையை எடுத்து முத்தமிடுகிறாள்.

ஒன்று மட்டும் எனக்குத் தீராத குறை. தார்ன்டனின் தாயாக சினேட் கியூசாக் நடிப்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். மகனைத் தவிர வேறு உலகம் இல்லாத, அவனை மறுத்தவளை ஒருபோதும் மன்னிக்காத தாய். 3 ஷில்லிங் எடுத்து வைக்கக் கற்றுக்கொடுத்தவள். தொடரின் கடைசிக் காட்சியில் அவளுக்கு இடமில்லை, ரயில் புறப்பட்டுவிடுகிறது. நாவலில் அவள் அந்த அறையில் இல்லாமலே கடைசி வரியைப் பெறுகிறாள். உன் சித்தியிடம் எப்படிச் சொல்வது என்று இருவரும் யோசிக்கிறார்கள். சித்தி முதலில், அந்த மனிதனா என்றுதான் கேட்பார் என்கிறான் தார்ன்டன். உங்கள் அம்மா, அந்தப் பெண்ணா என்று சொல்லும் தொனியையும் நடித்துக் காட்டட்டுமா என்று கேட்டு அவன் வாயை அடைக்கிறாள் மார்கரெட். அத்தோடு நாவல் முடிந்துவிடுகிறது.