மாட்டுக்காரர்களுக்கும் ஒரு சங்கம் வேண்டும்

டச்சு லேடி பால் நுழையாத வீடு மலேசியாவில் குறைவு. அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு ஃபிரீஸ்லேண்ட்கம்பீனாவிடம் இருக்கிறது. ஃபிரீஸ்லேண்ட்கம்பீனாவோ நெதர்லாந்துப் பக்கம் மாடு வளர்ப்பவர்களே உறுப்பினர்களாக உள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். நியூசிலாந்தில் 2001இல் உருவான ஃபொன்டெராவும் விவசாயிகளின் கூட்டுறவுதான். ஆக, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்பூட்டில் நாம் காலையில் கலக்கிற தேநீர்வரை எங்கோ ஒரு விவசாயியின் சங்கம் கை நீட்டி வந்து நிற்கிறது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, உழைத்தவனுக்குத்தானே போகிறது. ஆனால் இதே வட்டாரத்தில் விடியுமுன் எழுந்து கறக்கிற நம் மாட்டுக்காரர்கள், எனக்குத் தெரிந்த எல்லாரும், ஏன் தனித்தனியாகவே நிற்கிறார்கள்?

தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீடு இருந்த காலத்தில் ரப்பர் வெட்டிய சம்பளம் ஒரு பக்கம், பின்னால் கொட்டகையில் நின்ற ஒன்றிரண்டு மாடு ஒரு பக்கம். பிள்ளைகளின் பள்ளிச் செலவும் திடீர் வைத்தியமும் பெரும்பாலும் அந்த மாட்டுக் காசில்தான் நடந்தன, அந்தக் காசு பெண்கள் கையில் இருந்தது. அப்புறம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான், அதாவது வீடமைப்புக் குடியிருப்பு, வந்தது. கொட்டகைகள் ஆற்றோரத்துக்கும் யார் நிலம் என்று தெரியாத ஓரங்களுக்கும் தள்ளப்பட்டன. இன்று மாடு வைத்திருப்பவர் தீவனத்தைச் சில்லறை விலையில் வாங்குகிறார், பாலை வாங்குபவர் சொல்லும் விலைக்குக் கொடுக்கிறார். இரண்டு பக்கமும் அவருக்குப் பேரம் கிடையாது.

ஏன் கிடையாது என்றால், பால் காத்திருக்காது. நம் ஊர் வெயிலில் கறந்த பாலைக் குளிரூட்டாமல் வைத்தால் சில மணி நேரத்தில் கெட்டுவிடும், அது வாங்குபவருக்கு நன்றாகத் தெரியும். தைப்பூசம் வந்தால் பால்குடத்துக்கு எவ்வளவு இருந்தாலும் போதவில்லை. தைப்பூசம் முடிந்த மறுநாளும் மாடு அதே அளவுதான் கறக்கும், திருவிழா முடிந்துவிட்டது என்று அதற்கு யார் சொல்வது? அந்த மிச்சப் பாலைத் தனி ஆள் என்ன செய்வார்?

குஜராத்தில் கேடா மாவட்டத்து விவசாயிகளுக்கும் இதே சிக்கல்தான் இருந்தது. போல்சன் என்ற ஒரே நிறுவனம், நடுவில் தரகர்கள், அவர்கள் வைத்ததே விலை. 1946இல் விவசாயிகள் பால் கொடுப்பதை நிறுத்திப் போராடி, அந்த டிசம்பரிலேயே தங்கள் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். இரண்டு கிராமம், நாளுக்கு 250 லிட்டருக்கும் குறைவு, அவ்வளவுதான் தொடக்கம். பின்னால் அமுல் என்று வளர்ந்தது அதுதான். எல்லாரும் அமுலை வளர்த்த வர்கீஸ் குரியனைப் பற்றிப் பேசுவார்கள், அவர் பெரிய ஆள், சந்தேகம் இல்லை. ஆனால் அவர் அந்தச் சங்கத்தின் ஊரான ஆனந்துக்கு வந்து சேர்ந்ததே 1949இல். அதற்கு முன்பே கிராமம் கிராமமாகப் போய் ஆட்களைச் சேர்த்தவர் திரிபுவன்தாஸ் படேல், என் கணக்கில் முதல் மரியாதை அவருக்கு. குளிர்காலத்தில் எருமைப் பால் மிஞ்சியபோது, அவர்கள் பால் அனுப்பிய பம்பாய் அதை முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை. எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதை அமுலின் பால் தொழில்நுட்ப நிபுணர் எச்.எம். தலாயா செய்து காட்டினார், 1955இல் பால் பொடி ஆலையே வந்துவிட்டது. நம் தைப்பூசத்து மறுநாள் பிரச்சினைதான் அது, அளவுதான் வேறு.

தமிழ்நாட்டில் உறவுக்காரர் வீட்டுக்குப் போனவர்கள் ஆவினுக்குப் பால் ஊற்றும் கிராமத்துச் சங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். காலையும் மாலையும் கொண்டுபோய் ஊற்றுவார்கள், அளவு பார்ப்பார்கள், கொழுப்புச் சத்தும் மற்ற திடப்பொருளும் பார்த்து விலை போடுவார்கள். கிராமத்துச் சங்கம், அதற்கு மேல் மாவட்ட ஒன்றியம், அதற்கு மேல் மாநில இணையம். தீவனமும் சினை ஊசியும் மாட்டு வைத்தியமும் அந்த வழியாகவே வரும். எல்லாவற்றிலும் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தப் பரிசோதனைதான். தோட்டத்தில் நம் பாட்டிமார் ரப்பர் பால் கொண்டுபோய் எடை போட்டபோது கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், எழுதியதே கணக்கு, எதிர்த்துக் கேட்க வழியில்லை. அளக்கிற கருவி யார் கையில் இருக்கிறதோ விலையும் அவர் கையில்தான். சங்கம் உங்களுடையதாக இருந்தால் ஏன் கொழுப்பு குறைந்தது என்று கேட்கலாம், மறுபடி பார்க்கச் சொல்லலாம்.

நமக்கு இது பழக்கமில்லாத வேலை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், நம் சுங்கை சிப்பூட்டுக்காரரும் அப்போது அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தக் காலத்துச் சம்பளத்தில் பத்து வெள்ளி சின்னக் காசு இல்லை. அந்தக் காசில் தோட்டமே வாங்கினார்கள்! நிலத்துக்குச் செய்ததைப் பாலுக்குச் செய்ய முடியாதா?

கூட்டுறவு என்று பெயர் வைத்தாலே எல்லாம் சரியாகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் அரசியல்வாதிகள் கைக்குப் போய், தேர்தலே நடக்காமல் கிடந்த பால் சங்கங்களும் உண்டு. ஆண்டுக் கூட்டத்துக்கு உறுப்பினர் வராமல், கணக்கைக் கேட்காமல் இருந்தால் எந்தச் சங்கமும் நாலு பேர் சொத்தாகிவிடும். அதனால் கட்டடம், ஆலை, திறப்பு விழா என்று தொடங்க வேண்டாம். பாலை 4 டிகிரிக்குக் குளிரவைக்க ஒரு தொட்டி, கொழுப்பு பார்க்க ஒரு கருவி, சுவரில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி தினக் கணக்கு. மிஞ்சுகிற பாலைத் தயிராக்கலாம், நெய்யாக்கலாம். செம்பனைப் புண்ணாக்கை ஒரு லாரி சேர்த்து வாங்கினால் விலை பேச முடியும். கொட்டகை நிலத்துக்கு முறையான குத்தகை கேட்டு ஒரு ஆள் மனு போட்டால் மேசையிலேயே கிடக்கும், இருபது பேர் சங்கமாகப் போனால் உட்கார வைத்துத்தான் பேச வேண்டும். நிலம் உறுதியாகாமல் யாரும் நல்ல மாடு வாங்கத் துணியமாட்டார்கள், அதனால் அந்த மனுவை முதலிலேயே போட வேண்டும்.

சுங்கை சிப்பூட் வட்டாரத்தில் மாடு வைத்திருக்கிற அண்ணன்மார், அக்காமார், எத்தனை மாடு, நாளைக்கு எத்தனை லிட்டர், யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். படித்த தம்பி தங்கைகளில் கணக்கு எழுதத் தெரிந்தவர்களும் வாருங்கள். முதல் கூட்டத்துக்கு இடம் நான் பார்க்கிறேன்.