சித்திரத்தை வெட்டச் சொன்ன அம்மாவுக்கு

போன கிழமை ஒரு அம்மா மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளை உயர்தரத்தில் சித்திரம், தமிழ், இந்து நாகரிகம் எடுத்து நன்றாகச் செய்திருக்கிறாள். பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்ப வரிசையில் முதலாவதாகக் கட்புலக் கலையை, அதாவது ஓவியம், சிற்பம் படிக்கிற படிப்பைப் போட்டு வைத்திருக்கிறாள். "இதை வெட்டிப்போட்டு வேற ஏதும் போடச் சொல்லுங்கோ மிஸ். நீங்கள் சொன்னாத்தான் கேப்பாள்" என்றார் அம்மா. பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் அதே படிப்பைப் படித்தவள், அதையே படிப்பிக்கிறவள். ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. 2009 இல் போருக்குள்ளிருந்து ஒரு துணிப்பையோடு வெளியே வந்த குடும்பம் அது. பிறகு கச்சான் தோட்டத்திலும் வயலிலும் கூலிக்கு நின்று படிப்பித்த பிள்ளை. அவளுடைய பட்டம்தான் அந்த வீட்டின் ஒரே சேமிப்பு. அதை எதில் போடுவது என்று ஒரு தாய் பயப்படுவதில் பிழை இல்லை. என் அம்மாவும் இதே பயத்தோடு இரண்டு மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. அன்றைக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்கள் அவசரமாகப் போய்விட்டார்கள். சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். அந்த அம்மாவைப் போல யோசிக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

நான் எங்கே கீறத் தொடங்கினேன் என்பதிலிருந்து சொல்கிறேன். 2009 நடுப்பகுதியில் நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்தோம். எனக்கு 15 வயது. ஒரு நாள் சிலர் வந்து எங்களைத் தறப்பாளுக்குக் கீழே இருத்தி, கிறேயோனும் வெள்ளைத் தாளும் தந்து, "மனசில இருக்கிறதைக் கீறுங்கோ" என்றார்கள். கிபிர் விமானம், பங்கர், ரத்தம் என்று எல்லோரும் கீறினார்கள். நான் எங்கள் வீட்டுக் கிணற்றையும் கிணற்றடி வாழையையும் கீறினேன். "நீங்கள் பட்ட கஷ்டத்தைக் கீறேல்லையா?" என்று அங்கே நின்ற அக்கா கேட்டார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்புறம் தாள்களை எல்லாம் அடுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கிறேயோன்களையும் எண்ணி வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கிணறு எந்த ஊரில், யாருடைய சுவரில் தொங்கியதோ எனக்குத் தெரியாது.

வன்னியைப் படம் பிடித்தவர்களுக்குக் குறைவில்லை. பளையிலும் முகமாலையிலும் ஷெல் பட்டுத் தலை போன பனைகளை எத்தனை கமராக்கள் எடுத்திருக்கும்! அழுகிற அம்மா, ஓட்டை விழுந்த சுவர், வெறுங்காலோடு நிற்கிற பிள்ளை. அந்தப் படங்கள் பொய் இல்லை. அவற்றில் பல எங்களுக்காகப் பேசியும் இருக்கின்றன. ஆனால் எதைக் காட்ட வேண்டும் என்ற முடிவை எப்போதும் வேறு யாரோதான் எடுத்தார்கள். கட்புலக் கலைப் படிப்பு ஒரு வன்னிப் பிள்ளைக்கு எதற்கு என்று யாரும் என்னைக் கேட்டால், அந்த முடிவை அவள் எடுக்கப் பழகுவதற்கு என்றுதான் சொல்வேன்.

அங்கே என்ன படிப்பிக்கிறார்கள் என்பது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. பூ, பொம்மை, காட்சி கீறப் பழக்குகிறார்கள் என்று நினைக்கிறார்கள். முதலாம் வருடத்தில் எங்களுக்கு ஒரு செங்கல்லையும் ஓர் அலுமினியப் பானையையும் முன்னால் வைத்தார்கள். மூன்று கிழமை அதுதான். நிறத்தைத் தொட விடவில்லை, பென்சிலும் கரியும் மட்டும். நான் ஒரு மணித்தியாலத்தில் செங்கல்லைக் கீறி முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். விரிவுரையாளர் வந்து பார்த்துவிட்டு, "நீர் இந்தச் செங்கல்லைக் கீறேல்லை. உமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச செங்கல்லைக் கீறி வைச்சிருக்கிறீர்" என்றார். இரண்டாம் கிழமை முடிவில்தான் எனக்கு அது விளங்கியது. பானையின் நிழல் வெறும் கறுப்பு இல்லை, செங்கல்லின் சிவப்பு அதற்குள் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதைக் கண்ட நேரம் உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு காலமும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றையும் பார்க்கவில்லையே என்று நினைத்தேன்.

அந்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது எல்லாமே வேறாக இருந்தன. எங்கள் மண்ணைச் சிவப்பு என்று சொல்லிப் பழகியவள் நான். மழைக்கு முதல் பின்னேரம் அது ஊதாவுக்குக் கிட்டப் போகிறது. இரணைமடுக் குளக்கட்டில் மத்தியான நேரம் நின்றால் தண்ணீருக்கு நிறமே இல்லை, முழுக்க வெளிச்சம்தான். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்குச் சிறுவயதிலிருந்து போகிறேன். கடல்நீரில் எரிகிற அம்மன் விளக்கைப் பார்க்கச் சனத்துக்குள் நெரிபட்டிருக்கிறேன். படிக்கத் தொடங்கிய பிறகு போனபோது விளக்கை விட்டுவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற முகங்களைப் பார்த்தேன். ஒரு கிழவியின் கன்னத்தில் அந்த வெளிச்சம் நின்ற விதத்தை இன்றைக்கும் கீறச் சொன்னால் கீறுவேன்.

இன்னொன்றையும் அந்தப் படிப்புத் தந்தது. கிளிநொச்சி நகரில் ஏ9 வீதியோரம் போர் வெற்றிச் சின்னமாக ஒரு பெரிய சாம்பல் நிறக் கனசதுரம் நிற்கிறது. ஒரு பீரங்கிக் குண்டு அதைத் துளைத்து வெடிக்க வைத்திருக்கிறது. மேலே ஒரு தாமரை. பஸ்ஸில் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். படித்த பிறகுதான் இறங்கிப் போய் நின்று பார்த்தேன். சுவர் யார், குண்டு யார், பூ யார் என்று ஒரு வசனத்தை வாசிப்பது போல அதை வாசிக்க முடிந்தது. கல்லும் கொன்கிரீட்டும் பேசும். யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்கலாம். அதைக் கண்டுபிடித்த பிறகு எனக்குத் தலையைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. 2021 ஜனவரி 8 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள், போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களுக்காக இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டதையும், மாணவர்கள் வாசலில் இருந்து போராடியதையும், சில மாதங்களில் அது திரும்ப எழும்பியதையும் எல்லோரும் பார்த்தோம். சிற்பம் வெறும் அலங்காரம் என்றால் அதை ஏன் இரவில் இடிக்க வேண்டும்? அதற்காகப் பிள்ளைகள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

எங்கள் ஆட்கள் இதைச் செய்து காட்டியும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிப்பிக்கிற தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களிடம் அவர்கள் விட்டுவந்த வீடுகளின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொல்லி வாங்கி, 2011 இல் ஒரு நூலாக்கினார். கோடு போடத் தெரியாத கைகள் கீறிய வீடுகள் அவை. எங்கே கிணறு, எங்கே மாட்டுக்கொட்டில், எந்த மூலையில் சாமியறை என்று எல்லாம் இருக்கும். அதை முதல் முறை பார்த்தபோது முகாமில் நான் கீறிய கிணறு ஞாபகம் வந்து வகுப்பில் இருந்து அழுதேன். நான் அன்றைக்குக் கீறியது பிழையில்லை என்று ஒருவர் வந்து சொன்னது போல இருந்தது.

சரி, எங்கே போய்ப் படிப்பது? தமிழ்ப் பிள்ளைக்கு முக்கியமாக இரண்டு வாசல்தான். ஒன்று யாழ்ப்பாணம், மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் என்று நாங்கள் சொல்லிப் பழகிய இடம். மற்றது மட்டக்களப்பு, கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். கொழும்பில் 2005 இல் தொடங்கிய கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் சிங்களத்தில்தான் படிப்பு. வன்னிக்குள் உயர்கல்வியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகியது. இவை வந்தது எனக்கு உண்மையான சந்தோசம். ஆனால் வயலையும் பாலத்தையும் இயந்திரத்தையும் வன்னிக்குள் படிக்கலாம், ஓவியத்தைப் படிக்க வெளியே போக வேண்டும் என்பது எனக்கு உறுத்துகிறது.

வேலையைப் பற்றி மறைக்க மாட்டேன். 2017 இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையில்லாப் பட்டதாரிகள் மாதக்கணக்கில் தெருவோரம் இருந்ததைப் பார்த்துக்கொண்டுதான் நான் படித்தேன். எனக்கும் உடனே வேலை கிடைக்கவில்லை. 2020 இல் பட்டதாரிப் பயிலுநராக எடுத்து ஓர் அலுவலகத்தில் கோவைகளை அடுக்க விட்டார்கள். பாடசாலைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். என்னோடு படித்தவர்களில் சிலர் ஆசிரியர்கள், இருவர் விளம்பர வடிவமைப்பில், ஒருத்தி துணிக்கு அச்சு வேலை செய்கிறாள், ஒருவன் இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறான். ஆனால் அந்தத் தெருவோரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சித்திரம் படித்தவர்கள் இல்லை. இதை வெட்டிப்போட்டு நீங்கள் போடச் சொல்கிற பாடத்துக்கும் யாரும் வேலையைக் கையில் எழுதித் தருவதில்லை அம்மா. விருப்பம் இல்லாத பாடத்தை நான்கு வருடம் இழுத்துக்கொண்டு போய் அதன் முடிவிலும் காத்திருப்பது இரட்டைக் கஷ்டம்.

செலவு உண்டு. நிறக்குழாய், தூரிகை, கன்வஸ் எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022 இல் ரூபா விழுந்தபோது என் மாணவர்கள் போஸ்டர் கலரைக் கண்ணால் பார்த்ததோடு சரி. அந்த வருடம் அடுப்புக்கரியால் கீறினோம். செம்மண்ணை அரித்து விளாம்பிசினில் குழைத்து நிறம் செய்தோம். பழைய காலத்தில் இந்தத் தீவின் கோயில் ஓவியங்களைத் தீட்டியவர்கள் பாவித்த பிசின் அது. எங்கள் காணிகளில் விளாமரத்துக்குக் குறைவில்லை. பிள்ளைகள் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு, "மிஸ், இது எங்கட முத்தத்து நிறம்" என்று துள்ளினார்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறார். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவருடைய மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியதிலிருந்து அவர் போய் வருகிறார். கையில் மகனின் 19 வயதுப் படம். பாடசாலை அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தது. ஒரு நாள் என்னிடம் வந்து, "பிள்ளை, எல்லாரும் இந்தப் படத்தைத்தான் பாக்கினம். இவன் இப்ப இப்பிடி இருக்க மாட்டான் எல்லே. 35 வயசு. இப்ப எப்பிடி இருப்பானோ அப்பிடிக் கீறித் தா" என்றார்.

நான்கு இரவு இருந்தேன். தகப்பனின் பழைய படத்தை வாங்கினேன், தமையனைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எலும்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும், தோலும் தசையும்தான் மெல்ல இறங்கும். கண்ணுக்குக் கீழே எங்கே பள்ளம் விழும், தாடை எங்கே அகலும் என்று படித்தது எல்லாவற்றையும் எடுத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது மாமி கன நேரம் பார்த்தார். பிறகு, "தலைமயிர் இவ்வளவு கொட்டியிருக்காது. எங்கட பக்கத்தில ஆருக்கும் வழுக்கை இல்லை" என்றார். அழித்துத் திரும்பக் கீறினேன். இப்போது இரண்டு படத்தையும் கொண்டு போகிறார். அந்த நான்கு இரவு வேலைக்கு எனக்கு அந்த நான்கு வருடப் படிப்பு முழுவதும் தேவைப்பட்டது.

இதை எழுதும்போது அதிபர்மாரிடமும் ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. சித்திரப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கொடுக்காதீர்கள். உயர்தரத்தில் இரண்டு பிள்ளைதான் என்றாலும் அந்த வகுப்பை மூடாதீர்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பொறுப்பில் இருப்பவர்கள் பிள்ளைகளின் படங்களை மாட்ட ஒரு மண்டபம் தாருங்கள். என் இறுதி வருடப் படங்களை ஊருக்குக் காட்ட இடம் தேடித் திரிந்தேன். கடைசியில் ஒரு முன்பள்ளிதான் இரண்டு நாள் சுவர் தந்தது. இப்போது அவை கட்டிலுக்குக் கீழே பொலித்தீனில் சுற்றிக் கிடக்கின்றன.

அம்மா, உங்கள் மகளின் விண்ணப்பத்தில் நான் எதையும் வெட்டச் சொல்ல மாட்டேன். உயர்தரப் பெறுபேற்றில் வருகிற இசட் புள்ளி மட்டும் காணாது, இந்தப் படிப்புக்கு உளச்சார்புப் பரீட்சையும் இருக்கிறது. அங்கே போய் இருந்து கீறிக் காட்ட வேண்டும். வருகிற சனிக்கிழமையிலிருந்து பின்னேரம் 3 மணிக்கு எங்கள் வீட்டு விறாந்தையில் பழக்குகிறேன். காசு வேண்டாம். அவளை அனுப்புங்கள், வேறு பிள்ளைகள் இருந்தாலும் வரட்டும். பி பென்சில் ஒன்று கொண்டு வந்தால் போதும், தாள் என்னிடம் இருக்கிறது. செங்கல்லும் இருக்கிறது.