தொலைக்காட்சி ஆய்வுக்கு முதலில் வேண்டியது காப்பகம்

ஓடிடியைத் தொலைக்காட்சி என்று சொல்லலாமா, வீட்டுக் கூடத்துப் பெட்டியோடு தொலைக்காட்சியின் காலம் முடிந்துவிட்டதா என்ற விவாதம் ஊடக ஆய்வுத் துறையில் நெடுங்காலமாக நடக்கிறது. அமெரிக்காவில் 2025 மே மாதத்தில், தொலைக்காட்சித் திரையில் செலவிடப்பட்ட மொத்த நேரத்தில் ஓடிடி, யூடியூப் போன்ற இணையவழிச் சேவைகளின் பங்கு 44.8 விழுக்காட்டை எட்டி, ஒளிபரப்பு, கேபிள் இரண்டின் கூட்டுப் பங்கை முதன்முறையாக முந்தியதாக, பார்வையாளர் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் அறிவித்தது. இந்தப் பெயர் விவாதம் எனக்கு இரண்டாம்பட்சமாகவே படுகிறது. நாம் ஆராய வேண்டிய பொருளே நம் கைக்கு எட்டாமல் போய்க்கொண்டிருக்கிறது என்பதைத்தான் இத்துறை இப்போது உரத்துப் பேச வேண்டும்.

பிரிட்டிஷ் பண்பாட்டு ஆய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சியின் 'ஓட்டம்' பற்றி, அதாவது நிகழ்ச்சிகளும் விளம்பரங்களும் ஒன்றையொன்று தொடர்ந்து இடைவிடாமல் வருவதைப் பற்றி எழுதியபோது, பிரிட்டனிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் ஒளிபரப்பான அலைவரிசைகளை எடுத்துக்கொண்டு, செய்தி எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே நுழைகிறது, அடுத்த நிகழ்ச்சியின் முன்னோட்டம் எப்போது வருகிறது என்று வரிசையாகக் குறித்துக் காட்டினார். ஒரே அலைவரிசையை ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் எல்லோருக்கும் வந்தது ஒரே வரிசைதான் என்பதால், அவர் சொன்னதை எவரும் சரிபார்க்கவும் மறுக்கவும் முடிந்தது. இன்று அந்தப் பயிற்சியை வகுப்பில் செய்து பாருங்கள். ஒரே சேவைக்குச் சந்தா கட்டும் இரண்டு மாணவர்களின் முகப்புத் திரைகளை அருகருகே வைத்தால், வரிசைகளின் தலைப்புகள் வேறாக இருக்கின்றன. ஒரே திரைப்படத்துக்கு முகப்புப் படமாக ஒருவருக்குக் காதலர்கள் நிற்கும் படமும் மற்றவருக்குத் துப்பாக்கி ஏந்தியவரின் படமும் வருகின்றன. மறுநாள் திறந்தால் இரண்டுமே மாறியிருக்கின்றன. இந்த அடுக்குமுறையை வெளியிலிருந்து முழுமையாகக் காணும் வழி எந்த ஆய்வாளருக்கும் இல்லை.

பார்வையாளர் எண்ணிக்கையும் அப்படித்தான். ஒரு காலத்தில் நெட்ஃபிளிக்ஸ், இரண்டு நிமிடம் ஓடினாலே அதை ஒரு பார்வையாகக் கணக்கிட்டது. 2021இல் பார்த்த மணி நேரங்களுக்கு மாறியது. 2023இல் அந்த மணி நேரங்களைப் படைப்பின் நீளத்தால் வகுக்கத் தொடங்கியது. அளவுகோலைத் தேர்வதும் மாற்றுவதும் அளக்கப்படும் நிறுவனமே. அதே 2023 டிசம்பரில் 18,000க்கும் மேற்பட்ட தலைப்புகளின் அரையாண்டுக் கணக்கை அது வெளியிட்டது நல்ல முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்த நாட்டில் எவ்வளவு பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் பாதியில் விட்டார்கள் என்பதற்கு அந்தப் பட்டியலில் விடையில்லை. பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் எழுப்பிய கேள்வி, ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு மக்கள் எப்படி வெவ்வேறாகப் பொருள் கொள்கிறார்கள் என்பது. யார் பார்த்தார்கள் என்பதே தெரியாமல் அந்தக் கேள்வியை எங்கிருந்து தொடங்குவது?

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கவலைப்படுத்துவது படைப்புகள் மறைவது. 2022இல் வெளியான 'வில்லோ' தொடரை டிஸ்னி பிளஸ் மறு ஆண்டு மே மாதத்திலேயே தன் சேவையிலிருந்து நீக்கியது. அந்த ஆண்டு நீக்கப்பட்டது அது ஒன்று மட்டுமல்ல. எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவி ஒருவர், தாம் ஆய்வுக்கு எடுத்த தொடர் இடையில் ஒரு சேவையிலிருந்து காணாமல் போனதால், தம் கையெழுத்துக் குறிப்புகளை மட்டும் சான்றாக வைத்து ஓர் இயலை முடிக்க வேண்டியதாயிற்று. பழைய காலம் மட்டும் பொற்காலமா என்று சிலர் கேட்பார்கள். பிபிசியும் 1960கள், 70களில் தன் நாடாக்களை அழித்தது. 'டாக்டர் ஹூ' தொடரில் மட்டும் 90க்கும் மேற்பட்ட பகுதிகளின் காட்சி வடிவம் இன்றும் கிடைக்கவில்லை. இருந்தும் அவற்றின் ஒலி முழுவதும் பிழைத்திருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவுசெய்த ரசிகர்கள் காப்பாற்றியது அது. இன்றைய சேவைகளில் அந்த வழியும் அடைபட்டிருக்கிறது: நாம் பதிவிறக்கிய கோப்பு அந்தச் செயலிக்குள்தான் திறக்கும், தொடர் நீக்கப்பட்டால் அதுவும் சேர்ந்தே போய்விடும்.

ஆகவே, அச்சிட்ட நூலின் படியை நூலகத்துக்குக் கொடுப்பதைப் போல, ஓடிடி படைப்புகளையும் பொதுக் காப்பகத்தில் ஒப்படைக்கச் சட்டம் வேண்டும் என்று ஊடக ஆய்வாளர்கள் ஒன்றுசேர்ந்து கேட்க வேண்டும். இது நடக்காத காரியமில்லை. பிரான்ஸ் 1992இலேயே வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்து, அவற்றைக் காக்கும் பொறுப்பை ஐஎன்ஏ என்ற பொது நிறுவனத்திடம் கொடுத்தது. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்ட் முதல் மாலைச் செய்திகளைப் பதிவுசெய்து வருகிறது. அந்த நாடாக்கள் இல்லாமல் அக்காலச் செய்தி ஒளிபரப்பைப் பற்றிய எத்தனையோ ஆய்வுகளுக்கு வாய்ப்பே இருந்திருக்காது. படைப்போடு, வெவ்வேறு வகைப் பயனர்களுக்கு அது எப்படிக் காட்டப்பட்டது என்பதற்கான முகப்புத் திரை மாதிரிகளும், நாடுவாரியான பார்வைத் தரவும் ஒப்படைக்கப்பட வேண்டும்.

வணிக இரகசியம் என்று நிறுவனங்கள் மறுக்கும். 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்த ஹாலிவுட் எழுத்தாளர்கள் பார்வைத் தரவைக் கேட்டபோதும் நிறுவனங்கள் முதலில் மறுக்கத்தான் செய்தன. முடிவில், தங்கள் சொந்தத் தயாரிப்புகள் மொத்தம் எத்தனை மணி நேரம் பார்க்கப்பட்டன என்பதை, வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு எழுத்தாளர் சங்கத்திடம் கொடுக்க ஒப்புக்கொண்டன. அதே நிபந்தனையின் கீழ் ஒரு பொதுக் காப்பகத்திலும் கொடுக்கலாம். சில ஆண்டுகள் கழித்து ஆய்வுக்குத் திறந்தாலும் போதும்.