வாட்ஸ்அப்பில் சிவப்பு டிக் கிடையாது

"நாளை முதல் எல்லா அழைப்புகளும் பதிவு செய்யப்படும், செய்திக்கு மூன்று சிவப்பு டிக் விழுந்தால் உங்களுக்கு நீதிமன்ற அழைப்பாணை வரும்" என்று பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே 2020-இல் இதை மறுத்துவிட்டது. உங்கள் கைப்பேசியிலேயே சரிபார்க்கலாம்: ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி அனுப்பப்பட்டது, இரண்டு சாம்பல் என்றால் சென்று சேர்ந்தது, இரண்டும் நீலமானால் படிக்கப்பட்டது. மூன்றாவது டிக்கே கிடையாது.

இந்த வதந்தி மக்களை வாய்மூட வைக்கிறது என்பதோடு, கண்காணிப்பு நமக்கு அடையாளம் காட்டிவிட்டுத்தான் நடக்கும் என்ற தவறான நம்பிக்கையையும் விதைப்பதுதான் எனக்குக் கவலை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவும் அதன் கீழ் 2009-இல் வந்த விதிகளும், பொதுவாக மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலரின் உத்தரவின்பேரில், குறிப்பிட்ட காரணங்களுக்காகத் தகவல்களை இடைமறிக்க இடமளிக்கின்றன; அந்த உத்தரவு ரகசியமாகவே வைக்கப்படும், சம்பந்தப்பட்டவருக்கு அறிவிப்பு எதுவும் வராது. 2018 டிசம்பரில் பத்து அமைப்புகளுக்கு இந்த அதிகாரம் அளிக்கப்பட்டது. நீதிபதியின் முன்அனுமதி இதற்குத் தேவையில்லை. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்த பிறகும் இந்த நடைமுறையே தொடர்கிறது.