பாஸ்புக்கும் செல்லும்
வாக்காளர் அட்டை இல்லாதவரை ஓட்டுப் போட விடக்கூடாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்குக் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. 2024 தேர்தலில் பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தா பூத் சிலிப்பை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். அது அடையாள ஆவணம் ஆகாது என்று 2019லேயே தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது. அட்டையோ எப்போதோ தொலைந்தது. வெயிலில் திரும்பி வந்து, டிரங்குப் பெட்டியைக் கிளறி, போட்டோ ஒட்டிய போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்கை எடுத்துப் போய்த்தான் ஓட்டுப் போட்டார். ஆதார், 100 நாள் வேலை அட்டை, பாஸ்போர்ட்டும் செல்லும். சரி, வாக்காளர் பட்டியலில் பெயரே இல்லாவிட்டால்? எந்த அட்டையைக் காட்டினாலும் ஓட்டு கிடையாது. எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, திருவிழாவுக்குத்தான் திறப்பார்கள். வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வருபவர் பூட்டைப் பார்த்துப் பெயரை அடித்துவிடுவாரோ என்பதுதான் என் கவலை.